குறைப்பிரசவத்தைத் தடுக்க மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குழந்தை சீக்கிரம் பிறந்துவிடாமல் இருக்க" என்று சொல்லி டாக்டர் ஒரு மருந்தை எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் முளைக்கின்றன. இது எப்படி வேலை செய்யும்? எதுவரை எடுக்க வேண்டும்? குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். குறைப்பிரசவ மருந்து என்று பொதுவாகப் பேசப்படுபவை எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சில, வலி வராமலே தடுக்கப் பார்க்கின்றன. சில, வந்த வலியை ஓரிரு நாள் தள்ளிப்போடுகின்றன. இன்னும் சில, பிரசவத்தைத் தள்ளிப்போடுவதே இல்லை. பிறக்கப்போகும் குழந்தையைத் தயார்ப்படுத்துகின்றன. உங்களுக்குத் தருவது இதில் எந்த வகை, எந்த வாரம் வரை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

எத்தனை வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம்?

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால். ஆனால் 36 வாரத்தில் பிறப்பதும் 26 வாரத்தில் பிறப்பதும் ஒன்றல்ல. 34 வாரத்தைத் தாண்டிய குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சிறிது கூடுதல் கவனிப்போடு தேறிவிடுகிறார்கள். 28 வாரத்துக்கு முன் பிறப்பவர்களுக்கு நுரையீரல், மூளை, குடல், கண் என்று எல்லாவற்றுக்கும் உதவி தேவைப்படும். அதனால்தான் சில வாரங்களில் ஒவ்வொரு நாளுக்கும் மருத்துவர்கள் அவ்வளவு போராடுகிறார்கள். உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று குறைமாதத்தில்தான் பிறக்கிறது. இது உங்களுக்கு மட்டும் நேர்ந்துவிட்ட விபரீதம் அல்ல.

என்னை ஏன் ஆபத்து அதிகம் உள்ளவள் என்று சொல்கிறார்கள்?

முக்கியமான காரணங்கள் இவை: முன்பு ஒரு குறைப்பிரசவம் நடந்திருப்பது, ஸ்கேனில் கருப்பை வாய் குட்டையாகத் தெரிவது, இரட்டைக் கரு, கருப்பை வாயில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, கருப்பையின் அமைப்பில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, புகைப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். அதே மாதத்தில் இருக்கும் இன்னொருவருக்கு வேறு மருந்து எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்.

எனக்கு வலியே இல்லை. அப்புறம் ஏன் தினமும் புரோஜெஸ்டிரோன்?

வலி இல்லாத நேரத்தில் எடுத்தால்தான் இதற்குப் பயன். புரோஜெஸ்டிரோன் உங்கள் உடலே சுரக்கும் ஹார்மோன். கர்ப்பகாலம் முழுவதும் கருப்பைத் தசையை அமைதியாக வைத்திருப்பதும், கருப்பை வாய் முன்கூட்டியே மென்மையாகித் திறந்துவிடாமல் காப்பதும் அதன் வேலை. அதைக் கூடுதலாகக் கொடுத்தால் சிலருக்கு உதவும்.

அந்தச் சிலர் யார் என்பதுதான் முக்கியம். கருப்பை வாயின் நீளத்தைச் சரியாக அளக்க, வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேன் போதாது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் வேண்டும். பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள் செய்வார்கள். வலி இருக்காது, குழந்தைக்கும் பாதிப்பில்லை. ஒற்றைக் கருவைச் சுமப்பவருக்கு நீளம் 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், புரோஜெஸ்டிரோனின் பலன் பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது: 34 வாரத்துக்கு முன் குழந்தை பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முன்பு குறைப்பிரசவம் நடந்தவர்களுக்கும் பல மருத்துவர்கள் தருகிறார்கள். இரட்டைக் கரு என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் கொடுப்பதில் பலன் தெரியவில்லை.

வழக்கமான அளவு, இரவு படுக்கும் முன் பிறப்புறுப்பில் வைக்கும் 200 மி.கி. கேப்சூல், சில இடங்களில் 90 மி.கி. ஜெல். பொதுவாக 36 வாரம் வரையோ 37 வாரம் வரையோ தொடர்வார்கள்.

அதை வைத்தால் வெள்ளையாகக் கசிகிறது. மருந்து வெளியே வந்துவிடுகிறதா?

மருந்தோடு கலந்திருக்கும் எண்ணெயும் மாவும்தான் பெரும்பாலும் வெளியே வரும். ஹார்மோன் அதற்குள் உடலில் சேர்ந்திருக்கும். படுக்கும்போது வைப்பது அதற்காகத்தான். மெல்லிய பேட் வைத்துக்கொள்ளுங்கள், டேம்பான் வேண்டாம். லேசான எரிச்சல், தூக்கக் கலக்கம் வரலாம். ஆனால் கசிவு தண்ணீர் போல இருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ மருந்தின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அன்றே காட்டுங்கள். உள்ளங்கையும் பாதமும் தாங்க முடியாமல் அரித்தாலும் சொல்ல வேண்டும். அது கல்லீரல் சம்பந்தப்பட்ட கர்ப்பகாலக் கோளாறாக இருக்கலாம்.

சில கேப்சூல்களில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் வைக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

என் அக்காவுக்கு வாராவாரம் ஊசி போட்டார்கள். எனக்கு ஏன் இல்லை?

அது பெரும்பாலும் 17-ஓ.எச்.பி.சி. என்ற, புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை ஹார்மோன் ஊசியாக இருந்திருக்கும். 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, முன்பு குறைப்பிரசவம் நடந்தவர்களுக்கு அது நன்றாக உதவுகிறது என்று காட்டியது. அதை நம்பி 2011-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிபந்தனையோடு அனுமதி தந்தது. நிபந்தனை, இன்னொரு பெரிய ஆய்வு செய்து பலனை உறுதிப்படுத்த வேண்டும் என்பது. 1,700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த அந்த இரண்டாவது ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது: ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2023 ஏப்ரலில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

உங்கள் அக்காவுக்கு அன்று தந்தது அன்றைய அறிவின்படி சரியான சிகிச்சை. இன்றும் யாராவது அந்த ஊசியை எழுதித் தந்தால், பிறப்புறுப்பில் வைக்கும் மருந்துக்குப் பதில் இது ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்துக்குப் பதில் தையல் போடலாம் என்கிறார்களே?

சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுவதுபோல, கருப்பை வாயைச் சுற்றி ஒரு தையல் போட்டு இறுக்குவது அது. மும்பை மருத்துவர் ஷிரோத்கர் 1950-களில் அறிமுகப்படுத்திய முறை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. முன்பு குறைப்பிரசவமோ, நடுமாதங்களில் கருக்கலைவோ நடந்து, இப்போது கருப்பை வாயும் குட்டையாகி வருகிறது என்றால் தையல் நல்ல தேர்வு. வலியில்லாமலே கருப்பை வாய் திறந்துவிட்டவர்களுக்கும் பரிசீலிப்பார்கள். பொதுவாக 36, 37 வாரத்தில் தையலைப் பிரிப்பார்கள். வலி தொடங்கிவிட்டால் அதற்கு முன்பே பிரித்தாக வேண்டும். அதனால் தையல் போட்டிருப்பதை, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின் ரத்தத்தை நீர்க்கச் செய்யுமே, கர்ப்பத்தில் எடுக்கலாமா?

குறைந்த அளவில், டாக்டர் சொல்லி எடுக்கலாம். ரத்த அழுத்தம் எகிறி, தாயைக் காப்பாற்றக் குழந்தையைச் சீக்கிரம் எடுக்க வேண்டிவரும் பிரீஎக்ளாம்ப்சியாவும் குறைப்பிரசவத்துக்கு ஒரு பெரிய காரணம். அந்த ஆபத்து உள்ளவர்களுக்குத் தினமும் 75 முதல் 150 மி.கி. ஆஸ்பிரினை 12 வாரத்துக்குப் பிறகு, முடிந்தவரை 16 வாரத்துக்குள் தொடங்குவார்கள்.

தலைவலிக்கு வாங்கும் பெரிய ஆஸ்பிரின் மாத்திரையும் இதுவும் ஒன்றல்ல. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடும்.

வலி வந்துவிட்டது. மருந்து கொடுத்து நிறுத்திவிட முடியாதா?

எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி இது. உண்மையான பதில்: மாதக்கணக்கில் நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இருப்பவை கருப்பையின் சுருக்கத்தைப் பொதுவாக 48 மணி நேரம், சிலருக்கு இன்னும் சில நாள், தள்ளிப்போடுபவை.

"இரண்டு நாளா? அதற்கா இவ்வளவு?" என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு வேலை செய்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உங்களை மாற்றிவிடலாம். குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே அங்கு போய்ச் சேர்வது, பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிடப் பல மடங்கு நல்லது. என்னைக் கேட்டால், இந்த இரண்டு நாளின் அருமையை மருத்துவமனைகள் குடும்பத்தாரிடம் சரியாக விளக்குவதில்லை. விளக்கியிருந்தால், "இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று மாற்ற மறுப்பவர்கள் குறைவார்கள்.

இன்னொன்று, வலி என்று வருபவர்கள் எல்லோருக்கும் பிரசவம் ஆகிவிடுவதில்லை. குறைப்பிரசவ வலி என்று மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிறைமாதத்தில்தான் பெற்றெடுக்கிறார்கள். அதனால் பரிசோதித்து, கருப்பை வாயை அளந்து, சில இடங்களில் ஃபைப்ரோனெக்டின் என்ற சோதனையும் செய்து பார்த்துவிட்டுத்தான் மருந்தை முடிவு செய்வார்கள். அந்தச் சோதனையில் நெகட்டிவ் வந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு.

எனக்கு பிபி இல்லை. ஏன் பிபி மாத்திரை தருகிறார்கள்?

நிஃபெடிபினைச் சொல்கிறீர்கள். தசைக்குள் கால்சியம் நுழைவதை அது தடுக்கிறது. ரத்தக்குழாயின் தசை தளர்ந்தால் அழுத்தம் குறைகிறது. கருப்பையின் தசை தளர்ந்தால் சுருக்கம் குறைகிறது. தலைவலி, முகம் சூடாகிச் சிவப்பது, படபடப்பு, எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல் ஆகியவை வரலாம். மெதுவாக எழுந்திருங்கள், கழிப்பறைக்குத் துணையோடு போங்கள்.

அட்டோசிபான் என்ற மருந்தை டிரிப்ஸில் தருவார்கள். பக்கவிளைவு குறைவு, ஆனால் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. இண்டோமெதசின் 32 வாரத்துக்கு முன் மட்டும், அதுவும் 48 மணி நேரத்துக்கு மேல் போகாமல். அதற்குப் பிறகு கொடுத்தால், கருவில் திறந்திருக்க வேண்டிய ஒரு முக்கிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளக்கூடும். டெர்பியூட்டலின் ஊசியை இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடரக்கூடாது என்றும், மாத்திரையாக இதற்குக் கொடுக்கவே கூடாது என்றும் 2011-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. காரணம், தாயின் இதயத்துக்கு வந்த ஆபத்துகள்.

சிலருக்கு வலியை நிறுத்தாமலே விட்டுவிடுகிறார்களே?

கருப்பைக்குள் தொற்று, நஞ்சுக்கொடி பிரிந்து அதிக ரத்தப்போக்கு, கடுமையான பிரீஎக்ளாம்ப்சியா, குழந்தையின் இதயத்துடிப்பில் தடுமாற்றம் இருந்தால், உள்ளே இருப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து. அப்போது தள்ளிப்போடுவது தவறு. 34 வாரம் தாண்டிவிட்டாலும் பொதுவாக நிறுத்த முயல்வதில்லை.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த பிறகு மிகவும் முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகள், அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக மூச்சுவிட்டன. நுரையீரல் முன்கூட்டியே முதிர்ந்திருந்தது. குழந்தைகள் நல மருத்துவர் ஹௌவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-இல் வெளியிட்டார். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்தன. பிறகு வந்த ஆய்வுகளில் மூளையில் ரத்தக்கசிவும் குறைவதாகத் தெரிந்தது. இவ்வளவு தெளிவான பலன் இருந்தும் அது உலகெங்கும் வழக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்தில் போன குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பீட்டாமெதசோன் என்றால் 12 மி.கி. ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. டெக்சாமெதசோன் என்றால் 6 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை நான்கு. பெரும்பாலும் 24 முதல் 34 வாரத்துக்குள். முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்திலிருந்து ஏழு நாள் வரை முழுப் பலன். இரண்டாவது ஊசிக்கு முன்பே பிறந்துவிட்டாலும் முதல் ஊசி வீணாகாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் பேசப்படும் ஸ்டீராய்டு வேறு வகை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில நாள் சர்க்கரை ஏறும். ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி பரிசோதித்து இன்சுலினை மாற்றியமைப்பார்கள். ஓரிரு நாள் குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தெரியலாம்; ஊசியால்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். வாராவாரம் திரும்பத் திரும்பப் போடுவது குழந்தையின் எடையைக் குறைக்கும். முதல் முறைக்குப் பின் ஓரிரு வாரம் கடந்தும் ஆபத்து நீடித்தால், இன்னொரு முறை மட்டும் பரிசீலிப்பார்கள்.

மெக்னீசியம் டிரிப்ஸ் போட்டதும் உடம்பெல்லாம் எரிகிறது.

அது எதிர்பார்க்கும் விளைவுதான். இன்று மெக்னீசியம் சல்ஃபேட்டைக் குறைப்பிரசவத்தில் தருவது வலியை நிறுத்த அல்ல. குழந்தையின் மூளையைக் காக்க. 32 வாரத்துக்கு முன், ஒரு நாளுக்குள் பிறந்துவிடும் என்று தெரிந்தால் கொடுப்பார்கள். கை கால் இயக்கத்தைப் பாதிக்கும் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு குறைகிறது. உங்கள் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும் மருந்து அளவுக்கு மீறிவிடவில்லை என்று உறுதிசெய்யத்தான். மூச்சு வாங்கினாலோ, கண் இமையைத் தூக்கவே முடியாத சோர்வு வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். மெக்னீசியத்தின் விளைவை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட்டைத் தயாராக வைத்திருப்பார்கள்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் வலி நிற்குமா?

நிற்காது. பனிக்குடம் முன்கூட்டியே உடைந்திருந்தால் ஆன்டிபயாடிக் அவசியம். எரித்ரோமைசினைப் பத்து நாள் தருவது ஒரு வழக்கம். சிறுநீரில் தொற்று இருந்தாலும் அவசியம். பனிக்குடம் உடையாமல், தொற்றும் இல்லாமல், வலிக்காக மட்டும் கொடுப்பதில் பலன் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வலி நிறுத்தும் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள்.

காரணம் கேளுங்கள். வலி அடங்கிய பிறகு வாரக்கணக்கில் நிஃபெடிபின் போன்றவற்றைத் தொடர்வதால் கர்ப்பம் நீள்கிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. ஆனால் ரத்த அழுத்தத்துக்காகவும் அதே மாத்திரையைத் தந்திருக்கலாம். எனவே கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். முழு ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை. காலில் ரத்தம் உறைவது, தசை பலவீனமாவது, மனச்சோர்வு ஆகியவைதான் கூடும். பாரம் தூக்குவது, நாள் முழுக்க நிற்பது, தாம்பத்திய உறவு பற்றி உங்கள் நிலைக்கு ஏற்ப டாக்டரிடம் கேளுங்கள். "எழுந்திருக்கவே கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பால் சொல்வார்கள். இந்தப் பதிலை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம்.

இந்த மருந்துகளால் குழந்தைக்குப் பிற்காலத்தில் பாதிப்பு வருமா?

இது நியாயமான கேள்வி. வரலாற்றில் அப்படி நடந்தும் இருக்கிறது. கருக்கலைவையும் குறைப்பிரசவத்தையும் தடுக்கும் என்று 1940-களிலிருந்து டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தார்கள். அதனால் பயன் இல்லை என்று 1953-லேயே ஓர் ஆய்வு சொன்னது, ஆனாலும் நிறுத்தவில்லை. 1971-இல், அதை எடுத்த தாய்மார்களின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது தெரிந்த பிறகே தடுத்தார்கள்.

இன்று பயன்படும் மருந்துகள் வேறு. புரோஜெஸ்டிரோனும் ஒருமுறை போடும் ஸ்டீராய்டும் பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள்; 34 வாரத்துக்குள் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஸ்டீராய்டின் நன்மையே மிக அதிகம். ஆனாலும் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று காரணமில்லாமல் எந்த மருந்தையும் எடுக்கக்கூடாது என்பதற்கு டி.இ.எஸ். போதும்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

வயிறு விட்டுவிட்டு இறுகி, அது சீரான இடைவெளியில் வந்தால். அடி முதுகில் புதிதாக விடாத வலி, கீழ்ப்பக்கம் அழுத்தம், தண்ணீர் போல் கசிவு, ரத்தம், காய்ச்சல், குழந்தை அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும். நள்ளிரவானாலும் போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அது நல்ல செய்தி. அடுத்த முறை போகக் கூச்சப்பட வேண்டாம். மருந்துச் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டு வாசல் பக்கம் வைத்திருங்கள்.

எல்லா மருந்தும் எடுத்தேன். ஆனாலும் சீக்கிரம் பிறந்துவிட்டது. நான் எங்கே தவறினேன்?

நீங்கள் தவறவில்லை. படி ஏறியதாலோ, ஒரு வேளை மருந்தை மறந்ததாலோ, அழுததாலோ குழந்தை முன்னதாகப் பிறப்பதில்லை. குறைப்பிரசவங்களில் பெரும்பங்குக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. நல்ல மருந்தும் ஆபத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. இப்போது குழந்தைக்கு உங்களால் முடிந்தவை இருக்கின்றன: தாய்ப்பாலைப் பிழிந்து கொடுப்பது, அனுமதி கிடைத்ததும் மார்போடு தோல் படத் தாங்கிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு. உங்களை யாராவது குறை சொன்னால், அதே மருத்துவரை வைத்து அவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கு என்ன செய்யலாம்?

முடிந்தால் 18 மாதமாவது இடைவெளி விடுங்கள். கருத்தரிக்கும் முன்பே ஒருமுறை டாக்டரைப் பார்த்து, போன பிரசவத்தின் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டுங்கள். எந்த வாரம், பனிக்குடம் முதலில் உடைந்ததா, வலி முதலில் வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பிரின் வேண்டுமா என்பதை 12 வாரத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். கருப்பை வாயை 16 வாரம் முதலே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளக்கத் தொடங்குவார்கள். முதல் அளவுக்கான தேதியை, கர்ப்பம் உறுதியான அன்றே வாங்கிவிடுங்கள்.